சட்டைக் கையில் ஒரு பட்சி

தாத்தாவின் காக்கிச் சட்டையில், இடது தோளுக்கு நாலு விரல் கீழே, ஒரு சதுரம் இருக்கிறது. சட்டை முழுக்க வெயிலிலும் சவுக்காரத்திலும் வெளுத்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சதுரத்தில் மட்டும் துணி பழைய நிறத்தை விடவில்லை. அலை நனைத்த மணல் மாதிரி அடர்ந்து கிடக்கிறது. அதன் ஓரம் நெடுக ஊசி ஓட்டைகள். பூதக்கண்ணாடி வைத்து எண்ணியிருக்கிறேன்: மேலே 18, கீழே 17, பக்கத்துக்கு 19. பட்டாளத்து டெய்லர் இவ்வளவு நெருக்கமாகத் தைக்க மாட்டார். நாலு மூலையில் இழுத்துப் பிடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்துவிடுவார். பொறுமையாக உட்கார்ந்து தன் கையாலேயே தைத்திருக்கிறார் தாத்தா.

எதைத் தைத்தார் என்பதைத்தான் முப்பது வருஷமாகத் தேடினேன்.

"ஏதோ பட்சிடா. கையில ஒரு பட்சி இருந்துச்சு" என்பார் பெரிய அத்தை. "இன்னா பட்சி அத்தை?" என்றால், "அதான் நம்ம ஊருப் பட்சி. நாந்தான் கேட்டேனே, மலைக்கு வருதே அதுதான்னாரு. வெளையாட்டுக்குச் சொன்னாரோ என்னமோ" என்று இழுப்பார். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் திருக்கழுக்குன்றம். பட்சிதீர்த்தம் என்றும் பெயர். வேதகிரீஸ்வரர் மலையில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகும். சின்ன வயதில் நானே பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மையில் அவை கழுகு இல்லை, மஞ்சள்முகப் பாறு; பிணந்தின்னி வகை, உடம்பு வெள்ளை. 1990-களின் கடைசியில் வரவு நின்றுபோனது. எனவே அத்தை சொன்ன பட்சியை வெள்ளையாகவே கற்பனை செய்துகொண்டு, வெள்ளைப் பறவைச் சின்னம் எந்தப் படைக்கு இருந்தது என்று வெகுகாலம் தப்பான திசையில் தேடிக்கொண்டிருந்தேன்.

சின்னம் எங்கே போயிற்று? பட்டாளத்தை விட்டு வந்த அன்றைக்கே தாத்தா அதை பிளேடால் பிரித்து எடுத்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மிச்ச உடுப்பெல்லாம் அவர் காலமானபின் பாட்டி பாத்திரக்காரரிடம் போட்டார். இரண்டு கால்சட்டை, ஒரு குட்டைக் கம்பளிக் கோட்டு. பதிலுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. "இடுப்போட நிக்கும் அந்தக் கோட்டு. அவ்ளோ கனம். இந்த வெயில்ல யாரு போடறது?" என்பது பாட்டியின் நியாயம். சட்டை மட்டும் அரிசிப் பானையின் வாய்க்கு மூடியாகக் கட்டப்பட்டிருந்ததால் தப்பியது.

பட்டாளத்துச் சாமான் சேகரிக்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது சென்னை மூர் மார்க்கெட்டில். 1985 மே மாதம் அது எரிந்துபோவதற்கு முன் நாலைந்து முறை அப்பாவோடு போயிருக்கிறேன். அப்பா பழைய புத்தகம் பார்ப்பார்; நான் பித்தளைச் சாமான் குவித்துவைத்திருக்கும் கடையில் குந்திவிடுவேன். பூட்டு, கொண்டி, பெல்ட் பக்கிள்களுக்கு நடுவே பட்டன்கள் கிடக்கும். கால் ரூபாய்க்கு நாலு. ஒன்றில் கிரீடம், ஒன்றில் நங்கூரம், ஒன்றில் யானை. அந்த யானையை வாங்கி வந்து ஆசையாகப் பாட்டியிடம் காட்டினேன். பாட்டி அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார். நூறு வருஷக் களிம்பும் முகத்தின் பாதி வரிகளும் போயின. சேகரிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள். பழைய பித்தளையின் கறுப்புதான் அதன் வயதுச் சான்று. புளியும் பிராசோவும் அதற்கு எமன்.

யானை எதற்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1803 செப்டம்பர் 23-ஆம் தேதி தக்காணத்தில் அசாயி என்ற இடத்தில் ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லி மராத்தியரோடு மோதினார். அங்கே நின்று சண்டை போட்ட படைகளுக்கு யானை உருவத்தைக் கௌரவச் சின்னமாகக் கொடுத்தார்கள். மதராஸ் படையின் ஆட்கள் அதில் நிறைய. இன்றைக்கும் குன்னூர் வெலிங்டனில் இருக்கிற மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில், குறுக்கே வைத்த இரண்டு வாள்களோடு கேடயத்தின் மேல் அந்த யானை நிற்கிறது. ஆனால் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள் சிலவும் இதே யானையை வைத்திருந்தன. யானையைப் பார்த்ததும் மதராஸ் என்று துள்ளிவிடக் கூடாது.

அடையாளம் காண்பதில் கிரீடம் நல்ல துணை. விக்டோரியா காலத்துக் கிரீடத்தில் வளைவுகள் நடுவில் லேசாகப் பள்ளம் விழும். 1901-க்குப் பிறகு வந்த மன்னர்களின் கிரீடம் கூரை மாதிரி உருண்டு நிற்கும். எலிசபெத் வந்ததும் மறுபடி பள்ளம். நாமோ 1950 ஜனவரி 26-உடன் கிரீடத்தை எடுத்துவிட்டு அசோகர் சிங்கத்தை வைத்துவிட்டோம். ஆகவே எலிசபெத் கிரீடம் போட்டு இந்தியப் பட்டாளத்துப் பேட்ஜ் என்று ஒருவர் விற்க வந்தால் அவருக்குச் சரித்திரம் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார். அடுத்தது முதுகைத் திருப்பிப் பார்ப்பது. அச்சில் அடித்த பேட்ஜின் முதுகில் முகத்தின் பள்ளமேடு எதிராகப் பதிந்திருக்கும். வார்த்தெடுத்த போலியில் முதுகு சப்பையாக, அம்மைத் தழும்போடு இருக்கும். துணிச் சின்னம் என்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்புக் காட்ட வேண்டும். பருத்தி காகிதம் எரிந்த வாசனை தரும். கம்பளி மயிர் கருகின வாசனை. பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். 1944-ஆம் வருஷத்துச் சின்னத்தில் பாலியஸ்டர் இருக்க வழியே இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த பீஸ் மாமல்லபுரத்தில். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கடை, பெயர் வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் கழற்றிப்போட்டுப் போன பழைய ஜெர்மன் மிலிட்டரிக் கோட்டெல்லாம் அங்கே தொங்கும். கடைக்காரர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காகிதத்தில் மடித்த ஒரு துணியை எடுத்தார். மூவர்ணத்தில் பாயும் புலி. மேலே ஜெர்மன் எழுத்தில் சுதந்திர இந்தியா. நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது, வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளைக் கொண்டு சேர்த்த படையின் கைச்சின்னம். என் கை நடுங்கியது. பேரம் பேசாமல் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கை அதன் மேல் பிடித்தபோது புலி டியூப்லைட் மாதிரி எரிந்தது. சலவை வெண்மைக்காக இந்தக் காலத்து நூலில் ஏற்றுகிற ரசாயனம் அப்படித்தான் ஒளிரும். உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் சின்னங்களில் அதுவும் ஒன்று என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் பதக்கங்களைப் போர்க்காலத்தில் செய்துகொடுத்த வியன்னாப் பட்டறையே, போர் முடிந்தபின் சேகரிப்பாளர்களுக்காகத் திரும்ப அடித்து விற்றிருக்கிறது. அசலைச் செய்தவனே போலியும் செய்தால் ஊதா விளக்கு என்ன செய்யும்? கடைக்காரர் மேல் வருத்தமில்லை. நான் புலியைத் தேடிப் போனேன், அவர் புலியைக் கொடுத்தார்.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில், பட்டாளத்துக்காரனுக்கு அடையாளம் வைக்கும் வழக்கம் நமக்கு வெள்ளைக்காரன் சொல்லித்தரவில்லையே என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. தூசி எழும்பிய களத்தில் தலையில் சூடிய பூவைப் பார்த்துத்தான் நம்மாளா எதிராளா என்று தெரிந்துகொண்டார்கள். ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, கோட்டையைக் காத்தால் நொச்சி, வளைத்தால் உழிஞை. வேலைக்கு ஒரு பூ. ஒரே குறை, சேகரித்து வைக்க முடியாது, சாயங்காலத்துக்குள் வாடிவிடும்.

தலையில் சூடுவதில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை வேலூர் காட்டியது. 1805 நவம்பரில் மதராஸ் படைக்கு ஒரு புது உத்தரவு: நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தலைப்பாகைக்குப் பதில் தொப்பி மாதிரி ஒன்று, அதில் தோல் குஞ்சம். தொப்பி போட்டவன் கிறிஸ்தவனாகிவிட்டான் என்று ஊர் பேசும். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டை வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். செத்தவர் கணக்கு நூறு நூறாகப் போனது. உத்தரவு வாபஸ். கவர்னர் பெண்டிங்கையும் படைத்தலைவர் கிராடக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் இருந்தார்கள். ஆனாலும் ஒரு தொப்பி உலகச் சரித்திரத்தில் இவ்வளவு ரத்தம் பார்த்தது அபூர்வம். அந்தத் தொப்பி ஒன்றே ஒன்று எங்கேயாவது அசலாகக் கிடைத்தால் அதற்கு விலை சொல்ல ஆளில்லை.

செங்கல்பட்டுக் கோட்டைக்கு வருகிறேன். ரயிலில் போகிறவர்கள் கொளவாய் ஏரியைப் பார்ப்பார்கள், கோட்டையைப் பார்ப்பதில்லை. தண்டவாளம் அதன் வயிற்றுக்குள்ளேயே போகிறது. விஜயநகரத்தார் கட்டியது. 1752-இல் கிளைவ் கோவளத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பிடித்தார். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையைத் துடைத்துப் போட்டார்கள். உதவிக்குப் போக வேண்டிய இன்னொரு தளபதி மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்கு ஓடிவந்தார். பள்ளிக்கூடம் போகும் வயதில் இந்தக் கோட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன். அந்த ஓட்டத்துக்கும் எங்கள் வீட்டுச் சட்டைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போது யார் சொன்னார்கள்?

பொள்ளிலூருக்கு இருபதாம் நாள், செப்டம்பர் 30, புனித ஜார்ஜ் கோட்டையில் பயனியர் கம்பெனிகள் இரண்டு திரட்டப்பட்டன. பாதை போட, பாலம் கட்ட, பள்ளம் தோண்ட ஆள் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்திருக்கும். அதுதான் வளர்ந்து மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆனது. இப்போது பெங்களூரில் மதராஸ் எஞ்சினியர் குரூப். பட்டாளத்து வட்டாரத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. முள்வேலியை உடைக்கக் குழாயில் மருந்தடைத்துச் செருகும் பெங்களூர் டார்ப்பிடோ 1912-இல் அந்தப் படையின் ஒரு கேப்டன் கண்டுபிடித்தது. தாத்தா சாப்பர். வீட்டில் தெரிந்திருந்த ஒரே விவரம் அதுதான்; அதுவும் அவர் மண்வெட்டி பிடிக்கிற தினுசைப் பார்த்துக் கொத்தனார்கள் சொன்னதால்.

சாப்பர் என்று தெரிந்தால் போதுமே, சின்னம் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது. தோளில், தொப்பியில் இருப்பது சொந்தப் படையின் பேட்ஜ். கையில் தைக்கும் துணிச் சதுரம் அவர் எந்த டிவிஷனோடு போய்ச் சேர்ந்தாரோ அதன் குறி. எதிரி உளவாளிக்குப் பெயரும் எண்ணும் தெரியக் கூடாது என்று படம் போட்டார்கள். கறுப்புப் பூனை, தங்க அம்பு, பச்சையில் ஸ்பேட் ஏஸ், சிவப்பில் குத்துவாள். 14-ஆவது ராணுவத்தின் கேடயத்தில் வாள் கீழ்நோக்கி இருக்கும். பட்சி என்று பார்த்தால் எனக்கு இரண்டு கிடைத்தன. 23-ஆவது இந்திய டிவிஷனுக்கு மஞ்சள் வட்டத்தில் சிவப்புச் சண்டைச் சேவல். 4-ஆவது இந்திய டிவிஷனுக்குக் கறுப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு.

சட்டையில் இருப்பது சதுரம். அப்படியானால் கழுகு என்று அன்றைக்கே முடித்திருக்கலாம். ஆனால் வட்டச் சின்னத்தைச் சதுரத் துணியில் தைத்து, ஓரத்தை மடித்துக் கையில் வைத்துத் தைப்பதும் நடக்கும். அந்தக் காலத்தில் கைச்சின்னங்களைப் பட்டாளத்துக்குப் பக்கத்துக் கடைவீதிகளில் உள்ளூர் டெய்லர்களே ஆளுக்கு ஒரு அளவில் தைத்துக்கொடுத்தார்கள். அதனால்தான் ஒரே சின்னம் நூறு முகத்தில் கிடைக்கிறது, அதனால்தான் இந்த ஆட்டமே சுவாரஸ்யம். இப்போது அப்படி இல்லை. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் காட்டிய புதுப் போர்ச்சீருடையின் டிசைனைப் பதிவு செய்து, வெளிக்கடையில் துணி கிடைக்காதபடி செய்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு அது சரி. சிவிலியன்கள் பட்டாளத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிவது எனக்கும் பிடிக்காது, சட்டப்படியும் குற்றம். சேகரிப்பு பெட்டிக்குள் இருக்க வேண்டிய சமாச்சாரம், மேலே போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவதற்கு அல்ல.

கழுகு டிவிஷனைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது நான் எதிர்பார்க்காத ஒரு ஊர்ப்பெயர் குறுக்கே வந்தது. கீழ்ஒட்டிவாக்கம். காஞ்சிபுரம் பக்கம், அன்றைக்கு அதுவும் செங்கல்பட்டு ஜில்லாதான். அங்கே பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ், 11-ஆவது பீல்டு பார்க் கம்பெனி. அந்தக் கம்பெனி 4-ஆவது டிவிஷனோடு இத்தாலிக்குப் போனது. 1944 பிப்ரவரி 24, கசீனோவுக்குப் பக்கத்தில் மின்யானோ. கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது கூட வந்தவரின் காலடியில் ஒன்று கிளம்பிவிட்டது. வெடிக்க இரண்டு மூன்று விநாடி. சுப்பிரமணியன் அதன் மேல் குப்புற விழுந்து தன் உடம்பால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு இறப்புக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருதைக் கொடுத்தார்கள். செங்கல்பட்டில் இதைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர், 'அப்படியா, நம்ம பக்கமா?' என்கிறார்கள்.

பெயர் கிடைத்தவர் அவர். கிடைக்காதவர்கள்தான் அதிகம். முதல் உலகப் போருக்குப் பிறகு தமிழ்நாட்டின் பல ஊர்களில் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கல் பதித்தது: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும்; பெயர் கிடையாது. நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 1952-இல் அமைத்தது. எண்ணூற்றுக்கும் மேற்பட்ட இரண்டாம் போர்க் கல்லறைகள். ஒவ்வொரு கல்லிலும் படைச் சின்னம் செதுக்கியிருப்பார்கள். பேட்ஜ் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளை நான் மியூசியத்துக்கு முன்னால் அங்கேதான் கூட்டிப்போகிறேன். புல் ஒழுங்காக வெட்டியிருக்கும், பறவைச் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. வரிசையாக நடந்து கிரீடம், வாள், பூ, மான் என்று படித்துக்கொண்டே போகலாம். எரிக்கப்பட்டவர்களுக்கு அந்த வரிசையில் கல் இல்லை.

சட்டையின் காலர் உள்பக்கத்தில் இரண்டு குறிகள் உண்டு. ஒன்று பட்டாளத்து முத்திரை மையில் போட்ட எண். முதல் இரண்டு இலக்கமும் கடைசி ஒன்றும் மட்டும் தெரிகிறது, நடுவில் அழிந்துவிட்டது. முழு எண் இருந்திருந்தால் பெங்களூருக்கு எழுதிக் கேட்டிருப்பேன். இன்னொன்று எங்கள் ஊர்ச் சலவைக்காரர் சேராங்கொட்டைப் பாலில் போட்ட குறி: இரண்டு புள்ளி, ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. அது நேற்றுப் போட்ட மாதிரி கறுகறுவென்று இருக்கிறது. எங்கள் வீட்டுத் துணி அத்தனையிலும் அதே குறிதான்.

விடை கடைசியில் நான் தேடாத இடத்திலிருந்து வந்தது. அத்தையிடம் ஒரு தீபாவளிக்கு மறுபடி அந்தப் பேச்சை எடுத்தேன். "பட்சி இருக்கட்டும், கோட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். இடுப்போடு நிற்கும், கீழே பட்டை வைத்து இறுக்கும், கம்பளி, உடம்பைக் கடிக்கும் என்றார். அது பேட்டில்டிரெஸ். குளிர்நாட்டுப் போருக்குக் கொடுப்பது. சேவல் டிவிஷன் போனது இம்பாலுக்கும் பர்மாவுக்கும். காட்டுச் சண்டை, பச்சைப் பருத்திச் சட்டை. அந்தக் கோட்டோடு திரும்பி வந்தவர் இத்தாலிக் குளிரில் நின்றவர். ஆகவே சதுரத்தில் இருந்தது சிவப்புக் கழுகு. தாத்தா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கசீனோவிலும் அவர் கையில் நம் மலைப் பட்சியைத்தான் வைத்திருந்தார், நிறம் மட்டும் வேறு.

அசல் கழுகுச் சின்னம் ஒன்றை வாங்கி அந்தச் சதுரத்தில் தைத்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விலைக்கும் வருகிறது. வேண்டாம் என்றுவிட்டேன். பிளேடு எடுத்துப் பிரித்தவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இப்படி ஒரு காக்கி கிடந்தால் தயவுசெய்து துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், பித்தளையில் புளி வைக்காதீர்கள். போட்டிருந்தவர் பெயரையும் ஊரையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாக்கெட்டில் போட்டு வையுங்கள். கோட்டுக்குப் பதில் வந்த எவர்சில்வர் தூக்கு எங்கள் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. விளிம்பில் பாட்டியின் பெயரும், வாங்கிய தேதியும், ஊர்ப்பெயரும் தெளிவாக வெட்டியிருக்கிறது.